புகைக்கூண்டின் இரண்டு செங்கல்

கரிக்கட்டி ஒன்று ரசத்தில் விழுந்தது.

ஐப்பசி மாதத்துக் காலை. மதுரை கோச்சடை வீட்டு அடுப்படிக்கு வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ரசம் நுரை கட்டி வருகிற நேரம். இறக்கிவிடலாம் என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தேன். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். புகைக்கூண்டுக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கரி விழுந்து, மல்லித்தழைக்கு நடுவில் மிதந்தது.

வேறொருத்தியாக இருந்தால் எடுத்து வீசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நான் அதைக் கரண்டியில் ஏந்தி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டடைக் கரி என்றால் பொலபொலவென்று உதிரும். இது உதிரவில்லை. ஒரு பக்கம் தார் மாதிரி பளபளவென்று இருந்தது. கரண்டியோடு அத்தையிடம் போனேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

“அத்தை, இதப் பாருங்க. கூண்டு அடைச்சுக் கெடக்கு. இன்னைக்கே செங்கல்ல உருவிட்டுச் சுரண்டணும்.”

அத்தை என்றால் என் மாமியார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“வாயும் வயிறுமா ஒருத்தி இருக்குற வீட்டுல செவத்த ஒடைக்கச் சொல்றியா? பிள்ளை பெறக்கட்டும். அப்புறம் வீட்டையே வேணாலும் இடிச்சுக் கட்டுவோம்.”

“செவத்த யாரு ஒடைக்கச் சொன்னா? ரெண்டே ரெண்டு செங்கல் அத்தை.”

“ரெண்டு செங்கலா இருந்தா என்ன, ரெண்டு வீடா இருந்தா என்ன? ஒடைக்கிறது ஒடைக்கிறதுதான்.”

கரியை எடுத்துப் போட்டுவிட்டு அந்த ரசத்தைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இரண்டாம் தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, “இன்னைக்கு ரசம் ஒரு தினுசாக் கமகமன்னு இருக்கே” என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆணி அடிக்காத வீடு

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தியில் நடந்த சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் போட்டாள். “எங்கம்மாவ ஒரு வாரமாச்சும் நல்லவிதமா எழுதக் கூடாதா மதினி?” என்று கேட்டாள். சரி, இந்த வாரம் எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும். முதலில் திட்டிவிட்டுத்தான் மற்றது.

மாசமாக இருக்கிறவள் உள்ள வீட்டில் இடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, பொந்து அடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். பொந்தை அடைத்தால் பிள்ளைக்கு மூச்சடைக்குமாம். மற்ற வீடுகளில் புது வீடு கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள், அம்புட்டுத்தான். என் அத்தை அதைப் போலீஸ் சட்டம் மாதிரி நடத்தினார்.

எனக்கு நாள் தள்ளிப்போன சேதி தெரிந்ததிலிருந்து அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கப்படவில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. சணல் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஓடு உடைந்து ஒழுகியது. கீழே ஈயப் பாத்திரம் வைத்தார்கள். சொட்டுச் சொட்டென்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அரிசிக் குதிருக்குப் பின்னால் எலி ஒன்று பொந்து போட்டது. அதை அடைக்கவும் கூடாது. எங்கள் வீட்டு எலிக்கு அதுபோல ஒரு நல்ல காலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்திருக்காது.

இதோடு என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். “நடக்காத, குனியாத, சும்மா உக்காரு.” எனக்கு உட்கார வராது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். எழுந்து போய்ப் பானையைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், வாசலுக்குப் போவேன், வருவேன். “கால்ல சக்கரமா கட்டிருக்க?” என்பார் அத்தை. கடைசியில் சமையலை மட்டும் விடாப்பிடியாக வாங்கிக்கொண்டேன். அடுப்படியில் நின்றால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த அடுப்படியிலும் இப்போது மூச்சு முட்டியது.

லாரிக்காரர்களுக்குச் சமைத்த அடுப்பு

புகைக்கூண்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் பிறந்தது கொட்டாம்பட்டியில், திருச்சி ரோட்டு மேலேயே. அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை கழுவும்போதே, “அண்ணே, எலையப் போடுங்க” என்று குரல் கொடுப்பார்கள். அடுப்பு அணைகிற பேச்சே கிடையாது, அமாவாசை ஒன்றைத் தவிர. அன்றைக்குக் கடைக்கு லீவு, அடுப்புக்கு எண்ணெய்க் குளியல்.

முதல் நாள் சாயங்காலமே விறகை இழுத்துவிட்டு ஆறவிடுவோம். காலையில் சாம்பலை அள்ள வேண்டும். சாம்பல் பார்க்கச் செத்த மாதிரிக் கிடக்கும், உள்ளே கங்கு கண்ணை விழித்துக்கொண்டிருக்கும். அதனால் இரும்புச் சட்டியில்தான் அள்ளுவோம். சாக்கிலோ ஓலைப்பெட்டியிலோ கொட்டினால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார். சட்டியை விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே மரியாதைதான்.

அப்புறம் அண்ணன் கூரை மேல் ஏறுவான். ஒரு கயிற்றில் செங்கல்லையும் இலந்தை முள்ளையும் சேர்த்துக் கட்டிக் கூண்டுக்குள் இறக்கி, கிணற்றில் தூர் வாருகிற மாதிரி இழுத்து இழுத்து விடுவான். கீழே அடுப்பு வாயில் நான் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், கரி வீட்டுக்குள் பறக்காமல் இருக்க. சுவரில் ஒட்டிய பளபளப்புக் கரியைத் தேய்ந்துபோன தோசைத் திருப்பியால் சுரண்ட வேண்டும். அதுதான் ஆபத்தான கரி. ஈர விறகு எரிக்க எரிக்கப் புகை உள்ளேயே படிந்து பிசுக்காகி இறுகிப்போவது. அண்ணன் இறங்கி வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

ஒரு அமாவாசைக்கு ஊர்த் திருவிழா வந்து, சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டோம். அந்த மாதமே கூண்டுக்குள் தீப்பிடித்தது. கடையில் சமைக்கிற சரக்கு மாஸ்டர் பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினார். ஆவி குப்பென்று எழும்பி அவர் கையை வேக வைத்தது. சூட்டில் இருந்த செங்கல் படீரென்று வெடித்தது. அப்பாதான் ஈரச்சாக்கால் அடுப்பு வாயை மூடிக் காற்றை நிறுத்தினார். அந்த மாஸ்டரின் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

கோச்சடை வீட்டுக் கூண்டுக்குக் கூரை ஏற வேண்டியதில்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் இரண்டு செங்கல்லைச் சும்மா சொருகி மண் பூசியிருந்தார்கள். உருவினால் உள்ளே கைவிட்டுச் சுரண்டலாம், பிறகு மறுபடி சொருகி மண் பூசலாம். கல்யாணமான புதிதில் நானே செய்திருக்கிறேன். அத்தை தடுத்ததில்லை. ஆனால் அந்த நேரம் அடுப்படிப் பக்கமே வரமாட்டார். ‘சாப்பாட்டுக் கடைக்காரி, எதையோ நோண்டட்டும்’ என்று விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி

மழைக்காலத்தில் விறகுக் கடைக்காரர் சீமைக்கருவேலத்தை நனைய நனையக் கொண்டுவந்து இறக்கினார். கேட்டால், “எல்லாம் நேத்து வரைக்கும் காஞ்சது தானத்தா” என்பார். வைத்தால் எரியாது, நுனியில் நுரை தள்ளி அழும். புகை மேலே போக வழியில்லாமல் என் முகத்துக்கே திரும்பி வரும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை. பம்ப் ஸ்டவ் என்றால் அத்தைக்கு வெடித்துவிடும் என்று பயம். காஸுக்குப் பதிந்துவைத்துக் காத்திருந்தோம். அது வருவதற்குள் என் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விட்டான் என்பது வேறு கதை.

எனக்கு இருமல் பிடித்தது. இருமினால் வயிறு இறுகி, பிள்ளை உள்ளே சுருண்டுகொள்வது கைக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ‘பொந்தை அடைத்தால் பிள்ளைக்கு மூச்சடைக்கும் என்கிறார்களே, பொந்து அடைத்துக் கிடப்பதால் இப்போது மூச்சடைப்பது யாருக்கு?’ என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். “அம்மாகிட்ட நீயே பேசேன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவினார். அந்த வீட்டு ஆண்களுக்கு நழுவ மட்டும் நன்றாக வரும்.

பக்கத்து வீட்டு நாகலட்சுமி அக்காவிடம் போய்ப் புலம்பினேன். சௌராஷ்டிரா வீடு. நாகு அக்கா வீட்டுக்காரரோடு அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே என்னிடம் மதுரைத் தமிழில் பேசுவார், தறியிலிருந்து கையை எடுக்காமலே. அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டார்.

“பாக்கியம், ஒனக்குத் தெரியாதா? அந்தக் கூண்டு எப்பக் கட்டுனது தெரியுமா? எங்க மாமியார் சொல்லித்தான் எனக்கே தெரியும். அக்காவுக்கு, அதான் ஒங்க அத்தைக்கு, தலைச்சன் பிள்ளை, எட்டு மாசம். பொண்டாட்டி பொகையில கஷ்டப்படுறாளேன்னு ஒங்க மாமனார் ஆசையா செவத்த ஒடைச்சுக் கூண்டு வச்சாரு. பிள்ளை பெறந்துச்சு. ஆம்பளப் பிள்ளை. அழவே இல்லையாம்.”

 அத்தைக்கு என் வீட்டுக்காரர்தான் மூத்த பிள்ளை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கெல்லாம் அடுப்படியில் அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கோபம் பாதி இறங்கியது. பாதிதான். இருமல் இறங்கவில்லையே.

பன்னாடை

வளைகாப்புக்கு நாள் குறித்து, வாசலில் கீற்றுப் பந்தலும் போட்டாகிவிட்டது. அதற்கு மட்டும் தோஷமில்லையா என்று கேட்டதற்கு, “மண்ணுல குழி தோண்டலயே, டின்னுல மண்ணு ரொப்பித்தான் கம்பு நட்டிருக்கு” என்றார் அத்தை. வளைகாப்பு முடிந்தால் கொட்டாம்பட்டிக்குப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

என் இருமல் அத்தையை அறுத்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, காய்ந்த தென்னம்பாளையும் பன்னாடையுமாக ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“ஒடைக்காமலே சுத்தம் பண்றேன் பாரு. நல்லாச் சூடேத்துனா உள்ள இருக்க கரியெல்லாம் தானா எரிஞ்சு மேல போயிரும்.”

“அய்யய்யோ, அத்தை, வேணாம்!” என்று துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை போகாது என்பார்கள். அந்த வயிற்றோடு நான் எங்கே ஓடுவது? போய்ச் சேர்வதற்குள் பன்னாடை குப்பென்று பிடித்துவிட்டது.

முதலில் சத்தம்தான் கேட்டது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி கூண்டுக்குள் உறுமியது. நத்தம் ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ கேட்க வேண்டிய சத்தம் அடுப்படிக்குள் கேட்டது. அத்தை மிரண்டுபோய்க் குடத்தைத் தூக்கினார்.

“தண்ணி ஊத்தாதீங்க! ஊத்துனா வெடிச்சிரும்! சாக்கு, சாக்க நனைங்க!”

என் சாப்பாட்டுக் கடைக் குரல் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் உபயோகப்பட்டது. குடத்துத் தண்ணீரைக் கோணிச்சாக்கில் கொட்டி, இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அடுப்பு வாயை மூடினோம். வாசலிலிருந்து நாகு அக்கா அலறினார். “பந்தல்ல பொறி விழுகுது அக்கா!” கீற்று முழுக்க ஊறிப்போயிருந்ததால் பொறி விழுந்து விழுந்து புஸ்ஸென்று அணைந்தது. நான் மாதக்கணக்காகத் திட்டித் தீர்த்த மழைதான் பந்தலைக் காப்பாற்றியது.

உறுமல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பார்த்தால், அந்த இரண்டு செங்கல்லைச் சுற்றிப் பூசியிருந்த மண் சூட்டில் வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே போகிறது. இடுக்கில் செக்கச்செவேலென்று நெருப்பு தெரிந்தது. அதற்கு மேலே கை எட்டுகிற தூரத்தில் பரண், அது நிறைய எருவாட்டியும் சுள்ளியும்.

“அத்தை, அந்த வெடிப்ப அடைக்கணும். காத்துப் போனா அணையாது. மண்ணு வச்சு அடைங்க!”

அடைக்க வேண்டும் என்று சொன்னதும் அத்தை அப்படியே நின்றுவிட்டார். கொல்லை வாசலில் மழைக்குக் குழைந்த களிமண் கிடக்கிறது. இரண்டு எட்டில் அள்ளலாம். அவர் அள்ளவில்லை. என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, வயிற்றை.

நானே குனிந்து மண்ணை அள்ளப் போனேன். என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ வெளிய போ.”

“நான் போனா இத யாரு…”

“வாசலத் தாண்டிப் போடி!”

அதுவரை அவர் என்னை ‘டி’ போட்டுப் பேசியதில்லை. நாகு அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே அத்தையின் குரல் வந்தது.

“தாண்டிட்டாளா? நாகு, தாண்டிட்டாளா?”

நிலைப்படியைத் தாண்டி, பந்தலையும் தாண்டி, நான் தெருவில் கால் வைத்தேன்.

“தாண்டிட்டா அக்கா!”

அதற்கப்புறம்தான் உள்ளே சொத்து சொத்தென்று மண் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு கொத்துக்கரண்டி இல்லை, மட்டப்பலகை இல்லை. வெறுங்கையால் அந்தக் கொதிக்கிற சுவரில் மண்ணை வைத்து அமுக்கியிருக்கிறார். உறுமல் முனகலாகி, முனகலும் அடங்கியது. நான் தெருவில் நின்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

வெளியே வந்தபோது அத்தையின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. நாகு அக்கா அவரைக் குழாயடியில் உட்காரவைத்து வெகுநேரம் தண்ணீர் ஊற்றினார். அத்தை அந்த வலியிலும், “அவளுக்கு ஒண்ணுமில்லையே?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு அந்தப் பக்கம்

அடுப்பை ராத்திரி முழுக்க ஆறவிட்டார்கள். மறுநாள் காலை நாகு அக்கா கொடுத்தனுப்பிய காபியைக் குடித்ததும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போய் நாகு அக்கா வீட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நான் வந்து கூப்பிடுற வரைக்கும் வரக் கூடாது. நீ இல்லாத வீடு மாசமா இருக்கவ வீடு இல்ல.”

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டில் டம் டம்மென்று சத்தம் ஆரம்பித்தது. செங்கல் உருவுகிற சத்தம், சுரண்டுகிற சத்தம், அப்புறம் ஆணி அடிக்கிற சத்தம், ஓடு மாற்றுகிற சத்தம். தள்ளி வைத்திருந்த வேலை அத்தனையும் ஒரே நாளில் நடந்தது. எனக்கு உட்கார முடியுமா? மதில் பக்கம் போய் நின்று கத்தினேன்.

“சாம்பலச் சாக்குல கொட்டாதீங்க! இரும்புச் சட்டி, இரும்புச் சட்டி! பரண்ல உள்ள எருவாட்டியையும் சுள்ளியையும் எறக்கிக் கொல்லையில போடுங்க! செங்கல் கீறல் விட்டிருந்தா அதையே திரும்ப வைக்காதீங்க!”

“தெரியும், போடி உள்ள!” என்று அந்தப் பக்கமிருந்து அத்தை கத்தினார். ‘டி’ ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. ஒரு காகிதத்தைக் கொளுத்தி அடுப்பு வாயில் காட்டினேன். புகை முகத்துக்கு வராமல் விறுவிறுவென்று மேலே ஏறியது. தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன், கழலாமல் நின்றது. காலண்டர் சுவரில் இருந்தது. எலிப் பொந்தும் அடைபட்டிருந்தது.

எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. கேட்டுவிட்டேன்.

“இம்புட்டுத்தானா அத்தை? என்னைய அந்தப் பக்கம் உக்கார வச்சுட்டு இத எப்பவோ செஞ்சிருக்கலாம்ல?”

மஞ்சளும் எண்ணெயும் அப்பிய கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அத்தை அடுப்பையே பார்த்தார்.

“தோணல ஆத்தா. நெசமாவே தோணல. நேத்து நெருப்பப் பாத்தப்பத்தான் தோணுச்சு.” உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கு என்னையும் யாராச்சும் கையப் பிடிச்சு வாசலுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருந்தா…” என்றார்.  எழுந்து போய்விட்டார்.

நான் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன். 

வளைகாப்பு முடிந்து கொட்டாம்பட்டிக்குப் போனேன். தையில் மகன் பிறந்தான். சேதி கேட்டு அத்தை முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். உள்ளங்கைத் தோல் புதிதாக, ரோஸ் நிறத்தில் இருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று எதுவும் கேட்கவில்லை.

“அழுதானா?”

“ஆஸ்பத்திரியே எந்திரிச்சிருச்சு அத்தை.”

அவர் அதை நம்பின மாதிரித் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி வேண்டாம் என்றார். இட்லி வேண்டாம் என்றார். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அவன் எழுந்தான். முகத்தைச் சுருக்கி, கையைக் காலை உதைத்து, தொண்டை கிழிய ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்குமா? தூக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

“இருத்தா. தூக்காத. கொஞ்ச நேரம் அழட்டும்.”

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உட்கார வராத நான் அப்படியே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.